இல்லாத எழுத்து

நெய்வேலி டவுன்ஷிப்பில் என் அக்காள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் ஒரு பலா மரம் உண்டு. வீடு கம்பெனியுடையது, மரம் யாருடையது என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. பழம் யார் வீட்டுப் பக்கம் சாய்ந்து தொங்குகிறதோ அவர்களுக்கு என்று ஒரு வழக்கம் மட்டும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் அந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து நின்றாள். அவள் மகனுக்கு ஆறு வயசு. ரத்தப் புற்று நோய் என்று தெரிந்து, இரண்டு மாதமாகச் சென்னைக்கும் நெய்வேலிக்குமாக அலைந்து கொண்டிருந்தார்கள். பையன் மொட்டைத் தலையில் ஒரு குல்லாயைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்க கதையெல்லாம் எழுதறவங்க. நாலும் படிச்சிருப்பீங்க. இது நெசமான்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்று கைப்பேசியை வேலிக்கு மேலாக நீட்டினாள்.

அவள் புருஷனுடைய பெரியப்பா அனுப்பிய சமாசாரம் அது. புற்று நோய்க்குப் புரதம்தான் தீனி. முட்டை, பால், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் நோய் பட்டினியில் செத்துவிடும் என்று எழுதியிருந்தது. பெரியப்பா சும்மா அனுப்பவில்லை. பையனுக்குப் போடும் ஊசிமருந்துகளில் ஒன்றைப் பற்றி விசாரித்திருக்கிறார். அது ரத்தத்திலிருந்து ஓர் அமினோ அமிலத்தை எடுத்துவிடும் மருந்தாம். அமினோ அமிலம் என்பது புரதத்தின் உறுப்பு. "டாக்டரே ஊசி போட்டு எடுக்கிறதை நீங்கள் ஊட்டி ஊட்டி நிரப்புகிறீர்களே!" என்பது அவர் வாதம்.

"நாலு நாளா முட்டையும் பருப்பும் நிறுத்திட்டேண்ணே. கஞ்சியும் ரசஞ்சோறும்தான். கேட்டு அழறான். நான் செய்யறது சரிதானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியப்பாவின் வாதத்தில் பாதி உண்மை இருப்பதாகப் பட்டது. பாதி உண்மையை மறுப்பது முழுப் பொய்யை மறுப்பதைவிடக் கஷ்டம். "பாத்துச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன்.

நான் விஞ்ஞானம் கற்றவனல்ல. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன். ஆனாலும் அன்றிரவு தொடங்கிய வாசிப்பை இன்றுவரை விடவில்லை. அந்த ஊசிமருந்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், ஓர் அச்சுக்கூடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

*

என் தகப்பனார் நெய்வேலி யூரியா ஆலையில் வேலை பார்த்தார். 1966-ல் ஓடத் தொடங்கிய ஆலை அது, இப்போது இல்லை. அவர் ஷிப்டு முடிந்து வந்தால் சட்டையில் அம்மோனியா நெடி அடிக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் மந்தாரக்குப்பத்தில் இருந்த ஒரு சின்ன அச்சுக்கூடத்துக்கு ஓடிவிடுவேன். 1988, 89 வாக்கில் அங்கே ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துத்தான் அச்சடித்தார்கள்.

வைகாசி மாதம், முகூர்த்தக் காலம். கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. ஒருநாள் 'ஸ்ரீ' எழுத்து தீர்ந்து போயிற்று. பெட்டியில் மற்ற எல்லா எழுத்தும் இருக்கிறது. அது ஒன்றுதான் இல்லை. கம்பாசிடர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த இடத்தைத் தாண்டி அடுத்த எழுத்துக்குப் போக முடியாது. மூன்று பத்திரிகைகள் பாதியில் நின்றன. என்னைக் கூப்பிட்டு, கடைத்தெருவில் இருந்த இன்னோர் அச்சுக்கூடத்தில் நாலு 'ஸ்ரீ' கடன் கேட்டு வரச் சொன்னார்கள். அங்கேயும் முகூர்த்தம்தானே? வெறுங்கையோடு திரும்பி வந்து முதலாளி முன்னால் நின்றேன். அவர் என் கையைத்தான் பார்த்தார். "புது வேலை எதையும் கையில எடுக்காதே. முடிஞ்சதைக் கலைச்சு எழுத்தை எடு" என்று கம்பாசிடரிடம் உத்தரவு போட்டார்.

நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இதே தொழில்தான் நடக்கிறது. எழுத்துக்கள் 20 அமினோ அமிலங்கள். கோத்து முடித்த வாசகம் புரதம். தசை, ரத்தத்தின் செந்நிறம், செரிமானச் சாறு எல்லாம் அந்த இருபதைக் கொண்டு எழுதியவையே. கம்பாசிடரின் பெயர் ரைபோசோம். விநாடிக்குச் சுமார் 5 எழுத்து கோக்கும் வேகம் அவருக்கு. எழுத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கொடுக்கத் தனித்தனி எடுபிடிகள் உண்டு. ஓர் எழுத்து தீர்ந்து போனால், அந்த எழுத்துக்குரிய எடுபிடிகள் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த வெறுங்கையைக் கண்டறிவதற்கென்றே உயிரணுவில் ஒரு காவற்காரன் இருக்கிறான். உடனே அச்சுக்கூடம் முழுவதற்கும் உத்தரவு பறக்கிறது: புது வேலை எடுக்காதே, பழையதைக் கலைத்து எழுத்தை மீட்டுக்கொள், இல்லாத எழுத்தை நீயே வார்த்துக்கொள்ள வழி பார்.

கடைசி உத்தரவில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய அச்சுக்கூடங்களில் சொந்த வார்ப்படச்சாலை இருக்கும். ஓர் எழுத்து குறைந்தால் தாங்களே வார்த்துக்கொள்வார்கள். மந்தாரக்குப்பத்து அச்சுக்கூடத்துக்கு அது கிடையாது. வெளியிலிருந்து வாங்கினால்தான் உண்டு. பக்கத்து வீட்டுப் பையனின் ரத்தத்தில் பெருகியிருந்த புற்று அணுக்களும் அப்படிப்பட்டவை. அஸ்பராஜின் என்ற ஓர் எழுத்தை மற்ற உயிரணுக்களில் பெரும்பாலானவை தாங்களே வார்த்துக்கொள்ளும். அந்தப் புற்று அணுக்களுக்கு மட்டும் தேவைக்குப் போதுமான அளவு வார்க்கத் தெரியாது. ரத்தத்தில் ஓடி வருவதை நம்பியே அவை பிழைக்கின்றன.

*

அஸ்பராஜின் ஒன்றும் நமக்கு அந்நியமான வஸ்து அல்ல. அமினோ அமிலங்களிலேயே மனிதன் முதன்முதலில் பிரித்தெடுத்தது அதைத்தான். 1806-ல் பாரிஸ் நகரத்தில் வாக்லான் என்ற ரசாயன நிபுணரும் ரோபிக்கே என்ற அவருடைய இளம் உதவியாளரும் அஸ்பராகஸ் தண்டின் சாற்றைக் காய்ச்சி வைத்தபோது வெண்படிகங்கள் விளைந்தன. செடியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு அந்தச் செடியின் நெருங்கிய உறவு. செடிகள் தங்களிடமுள்ள நைட்ரஜனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பவும் சேர்த்து வைக்கவும் அஸ்பராஜினைப் பயன்படுத்துகின்றன. வயலில் யூரியா போட்டால் அதன் நைட்ரஜனில் ஒரு பங்கு இந்த வடிவத்தில்தான் செடிக்குள் பிரயாணம் செய்கிறது. என் தகப்பனார் 30 வருஷம் மூட்டை மூட்டையாக எதை அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்தப் புத்தகங்களைப் படித்தபோதுதான் புரிந்தது.

புற்று அணுவுக்கு வேண்டிய ஒன்றைத் தடுத்து அதை ஒடுக்கலாம் என்ற யோசனைக்கு முதல் வெற்றி கிடைத்ததில் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலும், பிரசிடென்சி காலேஜிலும், பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். 1923-ல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தவர் திரும்பி வரவேயில்லை. லெடர்லி மருந்துக் கம்பெனியில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள்.

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்று நோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக வளர்வதாகத் தோன்றியது. வேறொருவராக இருந்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஃபார்பர் திருப்பி யோசித்தார். கொடுத்தால் வளர்கிறதென்றால் தடுத்தால் ஒடுங்குமல்லவா? சுப்பாராவின் குழுவிடமிருந்து, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அணுவை ஏமாற்றும் அமினாப்டெரின் என்ற வஸ்துவை வாங்கினார். 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. அது நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. ஆனாலும் அதுவரை அரிதாகவே பின்வாங்கிய நோய் அது. 1948 ஜூனில் இந்தச் செய்தி வெளிவந்தது. அதே வருஷம் ஆகஸ்டில், 53-ஆம் வயசில், சுப்பாராவ் காலமானார்.

*

அஸ்பராஜினின் கதை தற்செயலாகத் தொடங்கியது. 1953-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜான் கிட் என்பவர் சுண்டெலிகளின் நிணநீர்ப் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். முயலின் ரத்தத்தில் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைச் சோதிப்பதுதான் அவர் நோக்கம். அதற்குத் துணைப்பொருளாகக் கினிப் பன்றியின் ரத்தத்தில் தெளியும் நீரையும் சேர்த்துக் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில எலிகளுக்கு அந்தத் தெளிநீரை மட்டும் செலுத்தினார். ஒன்றும் ஆகாது என்று ஒதுக்கி வைத்த அந்த எலிகளிடம்தான் கட்டிகள் கரைந்து மறைந்தன. மற்ற பிராணிகளின் தெளிநீரைச் செலுத்திப் பார்த்தார், பலனில்லை. கினிப் பன்றியிடம் மட்டும் அப்படி என்ன இருக்கிறது? அவருக்குத் தெரியவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார்.

விடையின் துண்டுகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. கினிப் பன்றியின் ரத்தத்தில் அஸ்பராஜினை உடைக்கும் நொதி ஒன்று இருப்பதை 1922-லேயே இத்தாலியைச் சேர்ந்த கிளெமெண்டி கண்டு சொல்லியிருந்தார். எலியின் ஒருவகைப் புற்று அணுக்கள் அஸ்பராஜின் இல்லாமல் கண்ணாடிக் கலத்தில் வளர்வதில்லை என்று 1956-ல் நியூமனும் மக்காயும் எழுதினார்கள். இந்தத் துண்டுகளைப் பொருத்தியவர் ஜான் புரூம். கட்டியைக் கரைப்பது அந்த நொதிதான் என்று 1961-ல் அவர் சான்று காட்டினார். நெய்வேலியில் பூமியைத் தோண்டித் தோண்டி, முதல்முதலாகப் பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் கண்டதும் அந்த 1961-ல்தான். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாய் ஏதோ வந்தது என்ற சமாசாரத்திலிருந்து அதுவரை கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. கறுப்பாய் ஒன்றைக் காண்பதற்கும் அதுதான் கரி என்று வெட்டி எடுப்பதற்கும் நடுவில் எத்தனை பேர் உழைப்பு!

கினிப் பன்றியின் ரத்தத்தைக் கொண்டு ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் மருந்து செய்ய முடியாது. நம் குடலில் வாழும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவிடமும் அதே வேலையைச் செய்யும் நொதி உண்டு என்று 1964-ல் மாஷ்பர்னும் ரிஸ்டனும் காட்டினார்கள். பாக்டீரியாவை அண்டா அண்டாவாக வளர்க்கலாம். 1966, 67-ல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1978-ல் அமெரிக்க சர்க்கார் மருந்தாக அங்கீகரித்தது. அதுதான் அஸ்பராஜினேஸ்; பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போட்ட ஊசி. ரத்தத்தில் வரும் அஸ்பராஜினை அது உடைக்கிறது. உடைந்த இடத்தில் மிஞ்சுவது அஸ்பார்ட்டிக் அமிலமும் கொஞ்சம் அம்மோனியாவும். ஆம், என் தகப்பனார் சட்டையில் அடித்த அதே அம்மோனியாதான்.

மருந்து நம் ஊர்க் குழந்தைகளுக்கு வந்து சேர்ந்தது இன்னொரு கதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்று நோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை அந்த அம்மாள் 30 வருஷம் சுமந்து, 1954-ல் அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரியை 12 படுக்கைகளோடு தொடங்கினார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா அங்கே வந்து சேர்ந்தார். 2021-ல் காலமாகும் வரையில் அதுவே அவர் வீடு. 1970-களில், பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட, இந்த நோய் கண்ட நம் குழந்தைகளில் நூற்றுக்கு 20 பேர்கூட நோய் திரும்பாமல் தேறவில்லை. 1980-களின் நடுவில் அடையாறு, பம்பாய் டாடா ஆஸ்பத்திரி, டில்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து, அமெரிக்க டாக்டர் ஒருவரின் ஒத்துழைப்போடு, எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. அதிலுள்ள மருந்துகளில் ஒன்று அஸ்பராஜினேஸ். நாலு வருஷம் கழிந்த பின்னும் நோய் திரும்பாதிருந்தவர்கள் நூற்றுக்கு 45 முதல் 60 வரை உயர்ந்தார்கள். மருந்துகள் மட்டும் செய்த வேலையல்ல இது. காய்ச்சலைக் கவனிப்பது, ரத்தம் ஏற்றுவது முதலிய பராமரிப்பும் கூடவே உயர்ந்தது.

*

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன்.

நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. ராட்சதப் பம்புகள் இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். ஒருநாள் நிறுத்தினாலும் ஆபத்து. அஸ்பராஜினேஸ் அந்தப் பம்பு. ரத்தத்திலுள்ள அஸ்பராஜின் முழுவதும் சாப்பாட்டிலிருந்து வந்ததல்ல. உடம்பே ஓயாமல் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. குழந்தைக்கு முட்டையை நிறுத்தி அஸ்பராஜினைக் குறைக்கப் பார்ப்பது, டவுன்ஷிப்பில் வீட்டுக் குழாயை மூடிவிட்டுச் சுரங்கத்தில் நீர் வற்றும் என்று காத்திருப்பது போன்றது. சுரங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் இருப்பவர்கள் தாகத்தால் தவிப்பார்கள்.

அது மட்டுமல்ல. மருந்து இல்லாமல் செய்வது 20-ல் ஒரே ஓர் எழுத்தை. அதுவும் மற்ற அணுக்கள் பெரும்பாலும் தாங்களே வார்த்துக்கொள்ளத் தெரிந்த எழுத்தை. முட்டையையும் பருப்பையும் நிறுத்தினால், நம் உடம்பு எந்த வார்ப்படச்சாலையிலும் வார்க்க முடியாத, சாப்பாட்டில் வந்தே தீரவேண்டிய 9 எழுத்துக்களும் குறைகின்றன. அப்போது பட்டினி கிடப்பது புற்று அணு மட்டுமல்ல, குழந்தை முழுவதும். மெலிந்த குழந்தை மருந்தின் கடுமையைத் தாங்காது. சாதாரணக் காய்ச்சலே அதை வீழ்த்திவிடும். அந்த மருந்திலேயே வேறு அபாயங்கள் உண்டு. கல்லீரல் தயாரிக்கும் சில புரதங்கள் குறைந்து ரத்தம் உறைவதில் கோளாறு நேரலாம், கணையம் வீங்கலாம். கணையத்துக்காக டாக்டர் சில சமயம் எண்ணெய், கொழுப்பைக் குறைக்கச் சொல்வதுண்டு. அது டாக்டர் சொல்லவேண்டியது, பெரியப்பா சொல்வதல்ல.

பெரியப்பாவின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் சில ஆராய்ச்சியாளர்கள், அஸ்பராஜின் குறைந்த தீனி கொடுத்த சுண்டெலிகளில் மார்பகப் புற்று நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது என்று கண்டார்கள். உடனே உலகமெல்லாம் பத்திரிகைகளில் அஸ்பராகஸ் தண்டைப் பற்றித் தலைப்புகள் பறந்தன. பார்த்தது வேறு நோய், வேறு பிராணி. புற்று அணுவும் சும்மா இருப்பதில்லை. அதிலேயே சில, வெறுங்கை உத்தரவைக் கேட்டு எழுத்து வார்க்கக் கற்றுக்கொண்டு மருந்திலிருந்து தப்பிவிடுகின்றன. அதனால்தான் டாக்டர்கள் ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 1806-லிருந்து இத்தனை பேர் இத்தனை பாடுபட்டுக் கண்ட சூட்சுமம், எதை எடுப்பது என்பது மட்டுமல்ல. எதை எடுக்காமல் விடுவது என்பதும்தான்.

இவ்வளவும் எனக்கு அன்றிரவே தெரிந்துவிடவில்லை. ஆனால் முக்கியமான சங்கதி தெரிய ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. இருந்தும், எழுதுகிறவன் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் இன்னும் படித்துக்கொண்டிருந்தேன். "டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளும்மா, அதுவரைக்கும் முட்டையை நிறுத்தாதே" என்று நான் வேலியோரம் போய்ச் சொன்னது இரண்டு நாள் கழித்து. அவள் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கோபக் குரல் எனக்கும் கேட்டது. கோபத்தின் முடிவில் அவர் சொன்னது: "முதல்ல பிள்ளைக்கு வயிறார சாப்பாடு குடுங்க."

பையன் இரண்டரை வருஷச் சிகிச்சையை முடித்துவிட்டான். இப்போது தலையில் சுருட்டை முடி. போன தடவை போயிருந்தபோது பலா மரத்தின் மேல் உட்கார்ந்து, எந்தப் பழம் எந்த வீட்டுப் பக்கம் தொங்குகிறது என்று அக்காளுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். தாயார் என்னைப் பார்த்துச் சிரித்துக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஆறு நாளைப் பற்றி அவள் பேசவில்லை. அதில் கடைசி இரண்டு நாள் என் கணக்கில் இருக்கிறது என்பதை நானும் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.